சிவகாமசுந்தரி டீச்சரின் கட்டுரை வகுப்பு

நான் கணக்கு வாத்தியார். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பெராங் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்புக்கும் சிவகாமசுந்தரி டீச்சரின் நான்காம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அவர் தமிழ் நடத்துவது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும்.

பிடிவாதக்காரி. "பசு சாதுவான பிராணி" என்று எவனாவது எழுதிவிட்டால் போதும், வகுப்பு ரெண்டுபடும். "போன வாரம் உன்னை முட்டுச்சே, அது என்னடா? முட்டினதை எழுது!" பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே என்பார். எழுதியவரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் சிவப்பு மை. நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது, டீச்சர் உட்பட. எனக்கு இதெல்லாம் அலட்டலாகத் தோன்றும். ஆனாலும் ஒட்டுக்கேட்பேன், பொய் சொல்வானேன்.

1943-இல் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை, ஆள் பிடிக்கும் அலுவலகத்துக் குமாஸ்தா, கிராணி தியாகு, பிள்ளைகளின் தகப்பன்மார் பெயர்களை எழுதிப்போக வந்தான். நான்காம் வகுப்பின் கடைசி பெஞ்சில் பதிவேட்டோடு உட்கார்ந்தான். "நீங்க பாடத்தை நடத்துங்க டீச்சர்," என்றான். அன்றைய தலைப்பு 'எங்கள் வீடு'. அதில் என்ன வம்பு வரப்போகிறது என்று டீச்சர் விஜயாவை வாசிக்கச் சொன்னார். அவளுக்குப் பத்து வயது. அவள் அப்பா சிங்கப்பூர் போய்விட்டதாகப் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது.

"எங்கள் வீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. மழை பெய்தால் மூன்று இடங்களில் ஒழுகும். எப்போதும் மரவள்ளிக்கிழங்கு வாசனை அடிக்கும். எங்கள் அப்பா பரணில் இருக்கிறார்."

"போதும் விஜயா, உட்காரு!" தன் சட்டத்தை டீச்சரே மீறியது அன்றுதான்.

"படிக்கட்டும் டீச்சர்," என்றான் தியாகு. "நல்லா எழுதியிருக்கு."

பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. குரலை உயர்த்திக்கொண்டாள். "இருமல் வந்தால் அப்பா துணியை வாயில் அடைத்துக்கொள்வார். அம்மா ஏணி வைத்துச் சோறு கொடுக்கும்போது சத்தம் கேட்காமல் இருக்க நான் வாசலில் நின்று பாடுவேன்."

என் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லிக் கத்த வைத்திருக்கலாம். தடுப்பைத் தள்ளிவிட்டிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை லோரி வந்து விஜயாவின் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. போர் முடிந்தும் அவர் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து விஜயா வந்தாள். "அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க டீச்சர். நான் சொல்லல. எழுதத்தான் செஞ்சேன்."

அடுத்த வாரம் அதே தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார். கீழே கட்டுரையையும் அவரே எழுதினார். "எங்கள் வீடு அழகானது. அப்பா வேலைக்குப் போகிறார். அம்மா சமைக்கிறார். நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்." எல்லோரும் இதையே பார்த்து எழுத வேண்டும், யாரும் வாசிக்க வேண்டாம் என்றார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடத்தினார்.

அதை முதன்முதலாக எழுதவைத்த அன்று மாலை ஒரே ஒரு நோட்டை மட்டும் என்னிடம் நீட்டினார். "இதை நீங்க திருத்துங்க சார். என்னால முடியல."

விஜயாவின் நோட்டு. அப்பா வேலைக்குப் போகிறார் என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தேன்.