நேற்றுக் கலந்த திரவம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பம்ப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உடலிலிருந்து எடுத்த இதயத்துக்குள் குளிர்ந்த திரவத்தை ஓடவிட்டு, அதைக் கெடாமல் வைத்திருக்கும் இயந்திரம் பதினாறு வருடங்களாக அவள் கையில் இருந்தது. அங்கே முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பன்றி இதயம் பொருத்தப் போகிறார்கள் என்றதும், இயந்திரத்தின் முன்னால் தன்னைத்தான் நிறுத்துவார்கள் என்று நம்பியிருந்தாள்.

நிறுத்தியது அவள் தங்கையை.

தங்கை அங்கே சேர்ந்து மூன்று வருடம்தான். ஆனால் சோதனையில் பன்றி இதயங்கள் ஏன் வீணாகின்றன என்று கண்டுபிடித்தவள் அவள். ரத்தமில்லாமல் கிடந்த இதயத்தில் திடீரென்று ரத்தம் பாயும்போது, அதிலுள்ள ஆக்சிஜனே சதையை அரிக்கிறது, இரும்பைத் துரு தின்பதுபோல. திரவத்தில் ஒரு மருந்தைச் சேர்த்து அந்த அரிப்பைக் குறைத்துக் காட்டினாள். கூட்டத்தில் பெரிய டாக்டர் எழுந்து நின்று பாராட்டினார். பம்ப்பு அக்காவும் கைதட்டினாள், ஆனால் முதலில் நிறுத்தியதும் அவள்தான். அன்று அம்மா போனில் சின்னவள் புராணத்தையே பாட, அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள்.

அறுவை சிகிச்சை நாளில் அவளுக்குக் கிடைத்தது குழாய்களைச் சரிபார்க்கும் வேலை. தட்டில் தயாராக இருந்த திரவப் பையில் தங்கையின் கையெழுத்து. தேதி நேற்றையது. கலந்த சில மணி நேரத்தில் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும். ஒத்திகைக்குக் கலந்த பையை, புதியது என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

பம்ப்பு அக்கா வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படட்டும், அவள் லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும் என்றது மனசு.

பத்து நிமிடம் போயிருக்கும். நோயாளியை வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஸ் டிரைவர் அவர். பன்றி இதயம் வைத்தால் குறட்டை கூடுமா என்று நர்ஸிடம் கேட்டார். இதற்குமேல் கூடுவதற்கு என்ன இருக்கிறது என்றாள் கூடவே நடந்த அவர் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பம்ப்பு அக்கா பையை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள்.

"இது நேத்து கலந்தது."

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா..."

"அழாத. போய்ப் புதுசா கலந்துட்டு வா."

பொருத்திய இதயம் துடித்தது. ஐந்தாவது வாரம் டிரைவர் வராந்தாவில் நடந்தார். தவறைக் கண்டுபிடித்தது அக்காதான் என்று தங்கை கூட்டத்தில் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் கேன்டீனில் தங்கையின் எதிரே உட்கார்ந்தாள்.

"பாத்த உடனே சொல்லலடி. பத்து நிமிஷம் பேசாம உக்காந்திருந்தேன்."

"ஏன்?"

"பொறாமை."

தங்கை காபியைக் குடிக்காமலே எழுந்து போனாள். இரண்டு வாரம் பேசவில்லை. அடுத்த அறுவைக்கான பட்டியலைத் தங்கைதான் எழுதி ஒட்டினாள். அதில் இயந்திரத்துக்குத் தங்கை, அவள் பக்கத்தில் துணைக்குப் பம்ப்பு அக்கா. மன்னிப்பா, கண்காணிப்பா என்று அவள் கேட்கவில்லை. தங்கையும் சொல்லவில்லை.