உடன் வந்தவர் எவருமில்லை

1941 ஜூன் 16, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சேலத்தை அடுத்த சூரமங்கலம் ஜங்ஷனில் நான் தனியே இறங்கிய நேரம் அது. இரண்டாண்டுகள் வீட்டிலிருந்தே படித்த எனக்கு, மறுநாள் காலை பத்து மணிக்குச் சேலம் நகரில் வித்துவான் தேர்வு. பள்ளிபாளையத்திலிருந்து ஆற்றைக் கடந்து ஈரோட்டில் காலை வண்டி ஏறினால் பதினொன்றுக்குத்தான் வந்து சேரலாம். ஆகவே ஓர் இரவு தங்கியாக வேண்டும். உடன் வரவிருந்த அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு நிபந்தனையுடன் அனுப்பினார்:

"தங்க நல்ல எடம் கெடைக்கலீன்னா சாயங்கால வண்டிக்கே திரும்பீரோணும். அப்பறம் படிப்புப் பேச்சே எடுக்கப்படாது."

பெண்கள் தங்கத் தகுந்த விடுதி எது என்று குதிரைவண்டிக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாமே தகுந்ததுதானுங்க அம்மிணி. உங்களத் தகுந்தவங்கன்னு அவங்க சொல்லோணுமே," என்றார்.

அவர் சொன்னது சத்திரத்திலேயே விளங்கிற்று. அங்கே முதற்கேள்வி என் குலம். விடை சொன்னேன். அது போதவில்லை, கூட வந்த ஆண் யார் என்பது இரண்டாம் கேள்வி. அஸ்தம்பட்டிப் பயணியர் மாளிகையில் கேள்வியே இல்லை. மூன்று அறைகளும் காலியாக இருந்தன. அதிகாரியின் கடிதம் இல்லாமல் அவை காலியாகவே இருக்கும் என்று காவலாளி பணிவாகத் தெரிவித்தார்.

எஞ்சியது கடைவீதியில் காபி கிளப்பின் மாடியிலிருந்த விடுதி. அறையைப் பார்த்தேன். கொசுவலை இருந்தது, சன்னல் பெரியது, கதவுக்கு வெளியே மட்டுமே தாழ்ப்பாள். உட்புறம் ஏன் இல்லை என்று கேட்டேன். மேலாளர் ரிஜிஸ்டரைப் பிரித்தார்.

"கூட ஆம்பளைங்க ஆருங்க?"

"யாருமில்லைங்க."

"அப்படி எழுத முடியாதுங்களே. அந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுங்க." என் பின்னால் பெட்டியை இறக்கி வைத்த வண்டிக்காரரைப் பார்த்தார். "வண்டிக்காரரை மாமன்னு எழுதிப்போடட்டுங்களா?"

வண்டிக்காரர் சிரித்தார். "எழுதுங்க சாமி. எனக்கு ஏற்கெனவே நாலு அக்கா மக்க. அஞ்சாவதா இவங்களும் இருந்துட்டுப் போகட்டும்."

"அவரும் இங்கே தங்குவாரா?" என்றேன்.

"எதுக்குங்க? பேரு இருந்தாப் போதும்."

"இவர் எனக்கு மாமன் இல்லைங்க."

"அது எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. ரிஜிஸ்டருக்குத் தெரியாதுங்களே!"

பொய்யான ஓர் ஆண் போதும். மெய்யான ஒரு பெண் போதாது. அந்தக் கட்டத்துக்குள் ஓர் இரவுகூடப் படுக்க எனக்கு விருப்பமில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு சொல் எழுதினால் தேர்வு கைக்கு வந்துவிடும் என்று படியிறங்கும்போது தெரிந்தே இருந்தது.

"வீம்பு புடிச்ச புள்ளை," என்றார் வண்டிக்காரர் குதிரையிடம். ஆனாலும் ஜங்ஷனுக்கு விரைவாகவே ஓட்டினார்.

ஈரோட்டு வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் ஓர் அறைக்கு மேல் பலகை தொங்கியது: பெண் பயணிகள் அறை, முதல், இரண்டாம் வகுப்புச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும். இருமுறை படித்தேன். ஆணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் போய், மறுநாள் காலை சேலம் டவுனுக்குச் செல்லும் கிளை வண்டிக்கு இரண்டாம் வகுப்பு கேட்டேன்.

"டவுனுக்கா? இருக்கறதே ரெண்டு மூணு மைலு. அதுக்கு எதுக்கும்மா செகண்ட் கிளாஸ்?"

"உட்கார்ந்து போக," என்றேன்.

அறையைக் காத்த அம்மாள் சீட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"கூட ஆரும் வரலீங்களா?"

"இல்லைங்க. பலகையில் அப்படிப் போட்டிருக்கா?"

"அட, எனக்கு எங்க சாமி படிக்கத் தெரியும்? சீட்டைப் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். உள்ளே போங்க."

ஈரோட்டு வண்டி வந்து நின்று கிளம்பிய ஓசையைச் சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டேன். அங்கே கொசுவலை இல்லை. நாற்காலியின் பிரம்பு முதுகில் உறுத்தியது. ஆனால் கதவின் உட்புறத்தில் என் மணிக்கட்டுப் பருமனுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது.

மறுநாள் காலை முகம் கழுவித் தலை வாரினேன். பயணிகள் குறை எழுதும் புத்தகத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு வாங்கி, என் பெயருக்கும் ஊருக்கும் கீழே, "உடன் வந்தவர் எவருமில்லை. குறை எதுவுமில்லை. தாழ்ப்பாள் சரியாக விழுகிறது," என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு டவுன் வண்டியில் ஏறி, தேர்வு மண்டபத்தின் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன்.