அக்கா வேலை பார்த்த இடம்

உறவினர்களுக்கும், அக்காவோடு பணிபுரிந்தவர்களுக்கும், இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். நான் அச்சரப்பாக்கம் அருகே ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதித்தான் பழக்கம். அப்படித்தான் இதுவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓராண்டில் எனக்கு அழுகை வரவில்லை.  நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில்தான் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று ஒரு காணி கிடையாது. அக்கா மூத்தவர், நான் ஐந்து வயது இளையவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரயிலேறி செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போய்வந்தார். விலங்கியல் அவர் ஆசைப்பட்டு எடுத்த பாடமல்ல. வேதியியலில் இடம் கிடைக்கவில்லை.

முதல் வருடம் ஒரு நாள் வரப்பில் ஒரு நண்டைப் பிடித்துவந்து, ஓட்டைத் திறந்து, அது எதனால் மூச்சு விடுகிறது என்று எனக்குக் காட்டினார். அரை மணி நேரம் பாடம் நடந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "முடிஞ்சிதா? குடு இப்படி" என்று வாங்கிப்போய் ரசம் வைத்துவிட்டார். அக்கா அந்த ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சென்னையில் மேற்படிப்பு முடித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தார். திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டார். ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டமும் வாங்கினார். திருமணப் பேச்சு மூன்று முறை வந்து மூன்று முறையும் நின்றுபோனது. பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஊரில் அப்பாவைக் கேட்பார்கள்: "ஒம் பொண்ணு இன்னா வேல பாக்குது?"

"சைன்டிஸ்ட்டா கீது" என்பார் அப்பா.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா ஏதோ படத்தில் பார்த்ததை வைத்துச் சொல்லுவார். பெரிய ஹால், ஏசி, வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவைகளில் நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் கொதிக்கும், கதவில் பேர் எழுதியிருக்கும். டீக்கடையில் இதைக் கேட்டவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஒருமுறை அப்பா ஒரு மூட்டை வேர்க்கடலையோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். என் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மூன்று பேருந்து மாறிப் போனார். அக்கா வாசல் கேட்டுக்கு வந்து அவரைப் பார்த்தார். எதிரே இருந்த கடையில் டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பேசி, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"உள்ள யாரையும் வுட மாட்டாங்களாம்" என்றார் அப்பா, வந்ததும் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டே.

அடுத்த மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், கல்லூரியிலிருந்து அதே இடத்தைப் பார்க்கப் போய்வந்ததாகச் சொன்னாள். கடிதம் கொடுத்தால் உள்ளே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்களாம். அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.  அக்கா எங்களை நினைத்துக் கூச்சப்படுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பா இறந்தார். அக்கா வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கூடியிருந்த உறவினர்கள் முன்னால் நான் சொன்னேன்: "கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சி அனுப்பிச்சல்ல, இப்ப இன்னாத்துக்கு அய்வுற?"

இதைப் படிப்பவர்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.  அதன்பிறகும் அக்கா மாதாமாதம் வந்தார், அம்மாவுக்கு வேண்டியதைச் செய்தார், என் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எனக்கும் அவருக்கும் பேச்சு 'சாப்டியா', 'பஸ் கெடச்சிதா' என்பதோடு நின்றது. பணி நிரந்தரமானதைக்கூட அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் போவதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார்.

"எனக்குத் தனியா ரூம் குடுத்துட்டாங்கடி. அம்மாவ இட்டுகினு வா ஒரு நாளு. நான் பர்மிஷன் வாங்கி வெக்கறேன்."

"பாக்கலாம்க்கா. இங்க பாத்துக்க ஆள் இல்ல" என்றேன்.

ஆள் இருந்தது. இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வீட்டுக்குள் விழுந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் பாதி உயரம் வரை பச்சை வண்ணம் அடித்திருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அக்காவுக்கு ஐம்பத்தோரு வயது.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, அவருடைய பொருட்களை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மா, "நானும் வர்றேன்" என்றார். முழங்கால் வலியோடு மூன்று பேருந்து மாறி வந்தார்.

கேட்டில் பேர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். அங்கே உதவியாளராக இருக்கும் தேவகி என்ற அம்மாள் எங்களை அழைத்துப்போனார். பக்கத்துக் குப்பத்துக்காரர், அக்காவுக்கும் முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்.

இரண்டு மாடிக் கட்டடம். உப்புக்காற்றில் சுண்ணாம்பு உரிந்து, சன்னல் கம்பிகள் துருப்பிடித்து ஊதியிருந்தன. வாசலில் செருப்புகளை விட்டுவிட்டு நுழைந்தோம். தரையெல்லாம் ஈரம். வரிசையாக சிமெண்டுத் தொட்டிகள், அவற்றில் கடல் தண்ணீர், அதற்குள் காற்று விடும் குழாய்கள் ஓயாமல் குபுகுபு என்றன.

"இன்னாடி இது, மீன் மார்க்கெட்டாட்டம் நாறுது" என்றார் அம்மா.

"எங்களுக்குப் பயகிப்போச்சிம்மா" என்றார் தேவகி.

அக்காவின் அறை கடைசியில் இருந்தது. நீலத் தண்ணீரும் இல்லை, சிவப்புத் தண்ணீரும் இல்லை. எண் போட்ட பிளாஸ்டிக் வாளிகள், சமையலறை வடிகட்டிகள், பழைய பல்துலக்கிகள், சுரண்டுவதற்குக் கத்திகள், மூடி போட்ட ஜாம் பாட்டில்கள். மருந்துத் தண்ணீரில் ஊறிய சிப்பிகள் ஒரு அலமாரி முழுக்க. 'உணவு வைக்காதீர்' என்று அக்காவின் கையெழுத்தில் ஒட்டிய ஒரு குளிர்பெட்டி. சுவரில் கடல் ஏற்றமும் வற்றமும் குறித்த காலண்டர். சன்னல் வழியே சவுக்கு மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் கடல் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது, மடிப்புக் கலையாமல். பெரிய ஆட்கள் வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வாராம். மற்ற நாளெல்லாம் பழைய சுடிதாரின் மேல் ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டிக்கொள்வாராம்.

அவர் செய்த வேலையையும் தேவகிதான் விளக்கினார். பக்கத்து மின் நிலையத்தில் கடலிலிருந்து பெரிய குழாய்களில் தண்ணீர் எடுத்து இயந்திரங்களைக் குளிர வைக்கிறார்கள். அந்தக் குழாய்களுக்குள் மட்டியும், படகின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளுமே அந்தக் கொட்டலசும் பிடித்து அடைத்துவிடும். எந்தப் பருவத்தில் எது ஒட்டுகிறது, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று அக்கா கணக்கெடுத்தார். மரப் பலகைகளையும் இரும்புத் தகடுகளையும் நைலான் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, குறித்த நாளில் தூக்கி, ஒட்டியிருப்பதை எண்ணி, சுரண்டி, மறுபடி இறக்குவார். அதையே இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் செய்தார்.

நோட்டுகளை எங்களிடம் தர முடியாது, அவை அலுவலகத்துக்குச் சொந்தம் என்றார்கள். புரட்டிப் பார்க்க அனுமதித்தார்கள். எல்லாம் ஆங்கிலமும் எண்களும். ஆனால் ஒவ்வொரு நாளின் தலையிலும் கடல் எப்படி இருந்தது என்பதை மட்டும் தமிழில் எழுதியிருந்தார். 'அமைதி.' 'கலங்கல்.' 'வாடை, படகு போகவில்லை.' அப்பா இறந்த வாரத்தைத் தேடிப் பார்த்தேன். ஆறு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஏழாம் நாள் 'கலங்கல்' என்று தொடங்கியிருந்தார்.

"இந்த ரூம் எப்ப குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டார்.

"இப்பதாம்மா, ஒரு வருசம்கூட ஆவல. அதுக்கு முன்னாடி நாலஞ்சி பேரோட ஒரே ஹால்ல. அதுக்கும் முன்னாடி பதினோரு வருசம் தோ அங்கதான்."

தேவகி காட்டிய இடம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில். இப்போது அங்கே துடைப்பங்களும் வாளிகளும் இருந்தன. ஒப்பந்த ஆட்களுக்கு இடம் ஒதுக்கும் வழக்கமில்லையாம். மற்றவர்கள் யார் யாரையோ பிடித்து ஹாலுக்குள் போய்விட்டார்கள். அக்கா கேட்கவில்லை. ஒரு மேசை, முதுகு சாய்க்க முடியாத ஒரு ஸ்டூல். நிமிர்ந்தால் படி தலையில் இடிக்குமாம்.

"ஒரு வாட்டி அப்பா வந்தாரே, கல்லக்கா மூட்டயோட" என்றார் தேவகி. "கேட்டுக்கு நானுந்தான் கூட போனேன். அவர அனுப்பிச்சிட்டு வந்து இங்க ஒக்காந்தாங்க மேடம். உள்ள கூப்டு காட்டியிருக்கலாமே, நான் பெரிய ஆபீசர்கிட்ட சொல்லி பர்மிஷன் வாங்கியிருப்பேனேன்னு சொன்னேன். 'எங்கப்பா ஊரு பூரா சொல்லிகினு கீறாரு தேவகி, எம்பொண்ணு ரூம்ல ஏசி கீதுன்னு. அவர கூட்டியாந்து எங்க ஒக்கார வெக்கறது, இங்கயா?'ன்னாங்க."

அம்மா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் நின்றேன். யாரோ வந்து தொட்டியில் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

பிறகு தேவகி எங்களை மறுபடி அறைக்கு அழைத்துப்போனார். ஒரு கண்ணாடித் தட்டில் கடல் தண்ணீர் விட்டு, அதில் சிறு கல் ஒன்றை வைத்து, நுண்ணோக்கியின் கீழே தள்ளினார். அம்மாவை அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. தேவகி திருகிக்கொண்டே இருந்தார்.

"இன்னாமோ கைய ஆட்டுது" என்றார் அம்மா.

"கை இல்லம்மா, காலு. இதான் கொட்டலசு. தலைய கல்லுல ஒட்டிக்கும். காலால தண்ணிய வாரி வாரி சாப்புடும்."

"அப்பறம் நவுராதா?"

"நவுராது. இருக்கற வரிக்கும் அங்கியேதான்."

அம்மா கண்ணை எடுக்கவில்லை. நான் அட்டைப் பெட்டியில் டிபன் பாக்ஸ், குடை, மாற்றுக் கண்ணாடி, துண்டு எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "எவ்ளோ சின்னதா கீது" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

திரும்பும்போது பேருந்தில் அம்மாவிடம் சொன்னேன், அக்கா எனக்குப் போன் செய்து கூப்பிட்டதையும், ஆள் இல்லை என்று நான் பொய் சொன்னதையும்.

"தெரியும்" என்றார் அம்மா. "எனக்கும் போன் பண்ணா. தங்கச்சி இட்டுகினு வருவா, நீயா கேக்காதன்னா. ஒரு பொடவைய எடுத்து வெச்சிகினு காத்துகினு இருந்தேன்."

அந்தப் புடவையைத்தான் அன்று கட்டியிருந்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.  

உறவினர்கள் முன்னால் சொன்ன சொல்லை உறவினர்கள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். அக்கா அப்பாவைக் கேட்டில் நிறுத்தியது எங்களை நினைத்து வெட்கப்பட்டு அல்ல. நான் பேசியது தவறு. இதை அக்காவிடம் சொல்ல எனக்குப் பல வருடங்கள் இருந்தன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கதவை உடைத்த திருக்கழுக்குன்றத்து அண்டை வீட்டார். மருத்துவமனையில் மூன்று நாளும் மாறி மாறி எங்களோடு இருந்த அக்காவின் சக பணியாளர்கள். அடக்கத்தை முன்னின்று நடத்திய பங்குத்தந்தை. ஓராண்டாக எனக்கும் சேர்த்துச் சமைக்கும் என் மகள். இப்போது அந்தப் பலகைகளைக் கடலிலிருந்து தவறாமல் தூக்கிக்கொண்டிருக்கும் தேவகி அம்மாள். எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

அவர்களோடு அலுவலகப் பேருந்தின் ஓட்டுநருக்கும். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்று காலை நிறுத்தத்தில் அக்காவைக் காணவில்லை என்றதும், வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, வீட்டுக்கு நடந்துபோய், கதவைத் தட்டி, பிறகு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டவர் அவர்தான். அதற்கு முன் ஒருநாளும் அக்கா தாமதித்ததில்லையாம். போன மாதம் அழைப்பு கொடுக்கப் போனபோது சொன்னார், அந்த நிறுத்தத்தில் இப்போது யாரும் ஏறுவதில்லை, ஆனால் அங்கே வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறதாம்.

"உள்ள கீறவங்க கேக்கறாங்கம்மா, இன்னாத்துக்கு நிறுத்தறன்னு" என்றார். "நான் இன்னா சொல்றது?"

 இனி நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.