தீவுக்குப் போன பன்னிரண்டு கிலோ பொன்னி

வந்திருந்தோர்: செந்தில், கனிமொழி, நான். வராதவர்: நிமலன்.

போன சனிக்கிழமை வருமான வரிக் காகிதம் ஒன்றைத் தேடி அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டேன். அகப்பட்டது ஒரு பச்சை ஓர்ட்னர். ஜெர்மனியில் ஆளுக்கு நாலாவது வைத்திருக்கிற கெட்டி அட்டைக் கோப்புதான். அதன் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் மேலே சொன்ன வரி எழுதியிருந்தது. ஆனால் எழுத்து கண்ணுக்குப் படுவதற்கு முன்பே பெருங்காயம் மூக்குக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அப்படியொரு நெடி. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு என் வீட்டு வாடகை ஒப்பந்தமும் ரசம் மணக்கிறது.

அப்போது நாங்கள் ஆஹென் நகரில் படித்துக்கொண்டிருந்தோம். செந்திலும் நானும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டைப் பங்கு போட்டிருந்தோம். சமையலறைக் கூரையில் புகை எச்சரிக்கை மணி ஒன்று இருந்தது. கடுகு வெடிக்கும் முன்பே அது கத்தும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிடுவோம். தொப்பி மாட்டியாயிற்று என்றால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த கனிமொழி அந்த நேரத்துக்குச் சரியாக வந்து சேருவாள்.

யோசனை அவளுடையதுதான். கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். வடக்கே நடுக்கடலில், டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகளில் கடைசியாக ஒரு துண்டுத் தீவு. அதில் ஒரு கறுப்பு வீடு, கூரைமேல் புல், புல்லின்மேல் செம்மறி ஆடு. ஆறு கட்டில். கடை கிடையாது, ஓட்டல் கிடையாது. வேண்டியதைக் கொண்டுபோய் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும்.

“சமையல் நம்மளேவா? அப்ப சாப்பாடு நல்லாருக்கும், போலாம்” என்றான் செந்தில். இடத்தைப் பற்றி அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத்து என்றால் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டு வயதிலிருந்தே எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பேங்க் நோட்டீசும் கரண்ட் பில்லும் படித்துச் சொன்னவன். அச்சடித்த காகிதம் எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை விடுமுறைக்கு எங்கேயும் போனதில்லை. லீவு என்றால் தறி ஓடாத நாள். தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. அதனாலேயே எனக்கு ஒரு வெறி. ஒரே ஒரு தடவை, ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“அங்க என்ன வேல சாமி?”

“வேல இல்லம்மா. சும்மா இருக்கப் போறோம்.”

“சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அத்தன தூரம்? இங்க வந்து இரு.”

போனை வைத்துவிட்டு ஓர்ட்னருக்கு வண்ணப் பிரிப்பு அட்டை வாங்கி வந்து போட்டேன். காற்று ஒரு பிரிவு. கப்பல் ஒரு பிரிவு. செம்மறி ஆட்டிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை ஒரு பிரிவு. தீவு வீட்டுக்காரருக்கு இருபத்து மூன்று கேள்விகள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். தாளிப்புக் கரண்டி உண்டா, குக்கர் விசிலுக்கு அக்கம்பக்கத்தில் யாரும் பயப்படுவார்களா என்றெல்லாம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: “இரண்டு பானை இருக்கிறது. ஒன்றுக்கு மூடி இல்லை.”

சாப்பாட்டுக் கணக்கு செந்திலுடையது. அங்கேதான் வினை. அவன் அப்பா கரூர்ப் பக்கத்தில் கல்யாணச் சமையல் மாஸ்டர். இலைக் கணக்கு செந்திலுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் நூறு இலைக்குக் கீழே அந்தக் கணக்கு இறங்காது. ஒரு முட்டைக் குழம்புக்கே, “நூறு பேருக்கு வெங்காயம் இவ்வளவு, அப்ப ரெண்டு பேருக்கு…” என்று முணுமுணுத்து, விரலை மடக்கி, கடைசியில் பாதி மூட்டையை உரிப்பான்.

“நாலு பேரு, ஏழு நாளு, நாளுக்கு ரெண்டு வேள. அம்பத்தாறு எல” என்றான். “அதாவது நூறு.”

“அம்பத்தாறு எப்படிடா நூறாகும்?” கனிமொழி இயந்திரவியல் படித்தவள். நாலு தசமத்துக்குக் குறைந்து பேச மாட்டாள்.

“விருந்தாளி வந்தா?”

“அந்தத் தீவுல இருக்கறதே பன்னெண்டு பேருடா!”

“பாத்தியா? நீயே சொல்லிட்ட.”

பொன்னி அரிசி பன்னிரண்டு கிலோ என்று முடிவானது. துவரம்பருப்பு, புளி, மிளகாய், இந்தக் கூட்டத்தைவிட வயதான ஒரு பெருங்காய டப்பா. எல்லாவற்றையும் செந்தில் பொட்டலம் கட்டி, ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று எழுதி ஒட்டினான்.

இனி நிமலன். அவன் பீலெஃபெல்டில் பிறந்தவன். அம்மா அப்பா யாழ்ப்பாணம். வார இறுதியில் ஒரு கிடங்கில் வேலை, அதனால் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. எங்களுக்கு அவன் தேவைப்பட்ட காரணம் கொஞ்சம் அசிங்கமானது. எங்கள் இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதத்தோடு செத்துவிட்டது. அவனிடம் ஜெர்மன் உரிமம் இருந்தது. கூடவே ஒரு காரும்.

“எனக்கு உங்கட பிளான் ஒண்டும் வேண்டாம்” என்றான் போனில். “எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. காரை நான் ஓடுறன்.”

புறப்படுகிற அன்று அவன் அம்மா கொடுத்தனுப்பிய வறுத்த மிளகாய்த்தூள் போத்தலோடு வந்தான். கனிமொழி சாமான்களை ஏற்றிய விதம் ஒரு கட்டுமானப் பணி. ஏற்றி முடித்ததும் காரின் பின்பக்கம் தரையைத் தொட்டது, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

“மச்சான், இது கலியாண வீடோ?”

“கிட்டத்தட்ட” என்றான் செந்தில்.

டென்மார்க்கின் வடகோடித் துறைமுகம் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிமலன் ஒருவனே ஓட்டினான். காலை ஒன்பது மணிக்குக் கப்பல் வரிசையில் நின்றோம். கூண்டுக்குள் இருந்த பெண் நிமலனின் ஜெர்மன் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டுப் புன்னகைத்தாள். பிறகு எங்கள் மூவரின் இந்தியக் கடவுச்சீட்டையும் ஜெர்மன் குடியிருப்பு அட்டையையும் வாங்கினாள். புன்னகை மெதுவாக வற்றியது.

இந்த அட்டை டென்மார்க்குக்குச் செல்லும், என்றாள். தீவுகளுக்குச் செல்லாது. அவை ஐரோப்பிய நாடுகளின் பொது விசா ஏற்பாட்டுக்கு வெளியே. உங்களுக்குத் தனி விசா வேண்டும்.

தீவு டென்மார்க்குடையது. எங்கள் அட்டை டென்மார்க்கில் செல்லும். ஆகவே தீவிலும் செல்லும். இதுதான் நான் போட்டிருந்த கணக்கு. செம்மறி ஆட்டுக்கு ஒரு பிரிவு போட்டவன் விசாவுக்குப் போடவில்லை. காது சுட, ஓர்ட்னரை அவள் முன் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். ஏதாவது ஒரு காகிதம் மனமிரங்காதா என்ற ஆசை. அவள் பொறுமையாகப் பார்த்தாள். சாப்பாட்டுப் பட்டியலில் மட்டும் நின்றாள்.

“இது எத்தனை பேருக்கு?”

“நூறு” என்றான் செந்தில்.

வரிசையை விட்டு ஓரமாக நின்றோம். வீட்டுக்கும் கப்பலுக்கும் கட்டியது திரும்பாது. எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அப்போது செந்தில் நிமலனின் தோளில் கை வைத்தான்.

“நீ போ.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? நான் தனிய அங்க போய் என்ன செய்யிறது?”

“சமைச்சுச் சாப்பிடு. எறக்கின அரிசியத் திருப்பி ஏத்திட்டு வந்ததா எங்கப்பன் சரித்திரத்துலயே இல்ல.”

“எனக்கு முட்டை அவிக்க மட்டும்தான் தெரியும், மச்சான்.”

“எல்லாம் ஓர்ட்னர்ல இருக்கு” என்றேன் நான். அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பாருங்கள்.

ஓர்ட்னரைப் பெருங்காய டப்பாவுக்கு அடியில் செருகிக்கொண்டு நிமலன் காரோடு கப்பலேறினான். எங்கள் ரயில் சாயங்காலம் ஐந்தரைக்கு. துறைமுகத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வழிச்செலவுக்கென்று செந்தில் கட்டியிருந்த புளிச்சோறு மிச்சம் இருந்தது. கனிமொழி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். “டேய், ஆட்டுக்கிட்ட நடந்துக்கற முறை!” என்று தொடங்கியவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்து, அப்படியே தூங்கிப்போனாள். ஒரு கடற்காகம் செந்திலின் புளிச்சோற்றைக் கொத்திவிட்டுப் புளிப்புத் தாங்காமல் எங்களைப் பார்த்து வசை பாடியது. அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கடல் இருந்தது.

மூன்றாம் நாள் ஆஹென் சமையலறையில் வீடியோ அழைப்பு. நிமலனின் நெற்றியில் சோற்றுப் பருக்கை.

“மச்சான், ‘முதல் நாள்’ எண்டு எழுதின பொட்டலத்தை அப்பிடியே போட்டன். பானை நிரம்பிப் போச்சு. மற்றப் பானையும் நிரம்பிப் போச்சு. இப்ப வாளியிலயும் இருக்கு!”

“தண்ணி எவ்வளவு வச்ச?”

“கடல் அளவு!”

“சரி, குழைஞ்சா பொங்கல்னு சொல்லிரு. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“ஒரு கிழவர் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

“கூப்புடு!” என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

பத்து நாள் கழித்து ஓர்ட்னர் திரும்பி வந்தது. என் குறிப்புகளுக்குப் பின்னால் நிமலன் ஒரு பக்கம் சேர்த்திருந்தான், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த கோணல் எழுத்தில்: “வந்திருந்தோர்: கிழவர், கிழவரின் மனைவி, தபால் கொண்டுவாற அக்கா, தீவில மிச்சம் எல்லாரும், ஒரு ஆடு. வராதவர்: செந்தில், கனிமொழி, நீ.” அதற்குக் கீழே: “அரிசி முடிஞ்சுது.”

ஆஹெனில் நாங்கள் இருந்த வீட்டை இப்போது இடித்துக் கட்டிவிட்டார்கள். புது வீடுகளில் மணி கூரைக்குள்ளேயே புதைந்திருக்கிறதாம், தொப்பி மாட்ட ஏலாது என்று நிமலன் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான். செந்தில் மியூனிக்கில் தனியாக இருக்கிறான். நூறு இலைக்குச் சமைக்க ஆள் இல்லாமல் ஓட்டலில் சாப்பிடுகிறான். கனிமொழி சென்னைக்குப் போய்விட்டாள். நால்வரும் பேச வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னால் தேதி குறிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் இரண்டு பேர்தான் வருகிறோம். வராதவர் பெயரை இப்போது யாரும் எழுதி வைப்பதில்லை.

கப்பலை விட்ட அன்றைக்கு, திரும்பும் ரயிலில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

“போயிட்டியா சாமி?”

“தீவுக்கு விடலம்மா. நான் சரியாப் படிக்காம விட்டுட்டேன்.”

“நீயா?” என்றாள். “சரி விடு. கடலப் பாத்தியா?”

“பாத்தேன். எட்டு மணி நேரம்.”

“சும்மாவா?”

“சும்மாதாம்மா.”

“எவ்ளோ ஆச்சு?”

சிக்னல் போய்விட்டதுபோல் நடித்துப் போனை வைத்துவிட்டேன். ஓர்ட்னரின் கடைசிப் பக்கத்தில் கனிமொழி எழுதிவைத்திருக்கிறாள். வீடு, கப்பல், பெட்ரோல், ரயில், அரிசி, குளியல் தொப்பி எல்லாம் சேர்த்து, தலைக்கு நானூற்றுப் பன்னிரண்டு யூரோ எழுபது சென்ட்.