கல்நார்த் திரி

மணவாளன் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி ஜியாலஜி லேபில் கல்லை இனம் பிரிக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தொரு வருஷம் அட்டெண்டர். நான் வாத்தியார். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, "நகத்தால கீறு தம்பி. கீறல் விழுந்தா ஜிப்சம். கத்திக்கும் மசியலன்னா குவார்ட்ஸ். ஏடு ஏடா உரிஞ்சா மைக்கா" என்று முடித்துவிடுவார். சம்பளம் மட்டும் எனக்கு ஜாஸ்தி.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குள் இருக்கும் கல்நாரை அவர்தான் காட்ட வேண்டும். கட்டியிலிருந்து பஞ்சுபோலப் பிய்த்து, ஊதிப் பிரித்து, தீக்குச்சியை நீட்டுவார். எரியாது. அவருக்குக் கல்யாணமான புதிதில், "லோகநாயகிக்குக் காட்டணும் சார்" என்று கேட்டார். ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

லோகநாயகி அதைச் சாமி விளக்குக்குத் திரியாக்கிவிட்டார். எண்ணெய் தீரும், திரி தீராது. கரி பிடித்தால் உதிர்த்து, பிய்த்து, ஊதி, தொடைமேல் வைத்து மறுபடி உருட்டுவார். தெருவே வந்து பார்த்ததாம்.

இருபது வருஷத்துக்கு முன்பு சுற்றறிக்கை வந்தது. கல்நார்த் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, யாரும் தொடக்கூடாது. மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். மணவாளனிடம், "இனிமே காட்ட வேணாம்" என்றதோடு சரி. கல்நார்ப் பெட்டியைப் பூட்டி, ஆங்கிலத்தில் அடித்த எச்சரிக்கைத் தாளை ஒட்டியவரும் அவர்தான். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அட்டெண்டருக்கும் நுரையீரல் உண்டு என்று தோன்றாத படிப்பு என் படிப்பு. விளக்கு நினைவுக்கே வரவில்லை.

போன மாதம் லோகநாயகிக்கு நெஞ்சில் நீர் கோத்துக் கடலூரில் சேர்த்தார்கள். புற்றுநோய். "கூரை ஷீட் கம்பெனியில வேலை பாத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டாராம். ஏன் அப்படிக் கேட்டார் என்று மணவாளன் என் வீட்டுக்கு வந்து விசாரித்தார். அப்போதுதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க சார். சாமிக்கு ஏத்துனதுதானேன்னு நிம்மதியா போவட்டும்" என்றார்.

நேற்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லோகநாயகி ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "நீங்க குடுத்த திரி இன்னும் அப்படியே இருக்கு சார். பாதிய வினோதினி கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

மகள் வினோதினி பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிக் கடலூரிலேயே செம்மண்டலத்தில் இருக்கிறாள். "பதினோரு வருசமா அதான் சார் ஏத்துறேன். அம்மா மாதிரியே ஊதி ஊதி உருட்டுவேன். இப்ப பாப்பாவும் கத்துக்கிட்டா" என்றாள்.

மணவாளன் மகள் கையிலிருந்த கஞ்சியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு மகளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

கதவு வழியே வினோதினி அழுவது தெரிந்தது.

"ஏன் சார் அழுவுறா? நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரா?" என்று லோகநாயகி கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.