எங்கள் வீட்டுப் போர்க்கப்பல்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு போர்க்கப்பலைப் படித்துக்கொண்டிருந்தேன். இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பாய்மரக் கப்பல். திருத்தணியில் தறி நெய்கிற வீட்டுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று தெருவே கேட்டது. எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்பு வேண்டும், பேராசிரியர் கொடுத்தார், அவ்வளவுதான். போகப்போகத்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

காலை ரயிலில் மெட்ராஸ் போய்ப் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். நைனா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்பார்.

"இன்னிக்கி எங்க கீது உன் கப்பலு?"

அரக்கோணத்தில் சிக்னலுக்கு நிற்கிற வண்டியை விசாரிப்பது போலத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் சொல்வேன். ஓக் மரத்தில் கட்டியது, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது, துறைமுகமே இல்லாத மெட்ராஸில் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டது, கடலூர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களோடு பீரங்கிச் சண்டை போட்டது. குண்டடி பட்டவர்களைவிட ஈறு அழுகிச் செத்த மாலுமிகள் அதிகம் என்றதும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு எலுமிச்சங்கா கூடவா கெடைக்கல?"

அந்த அம்மாதான் கெடுவும் வைத்திருந்தாள். கப்பல் கதை முடிந்தால் படிப்பும் முடிந்தது, உடனே கல்யாணம். நைனாவும் சரி என்றிருந்தார்.

ஒரு சனிக்கிழமை கப்பலின் முடிவு கிடைத்தது. இங்கிலாந்து திரும்பியதும் அதன் பாய்மரங்களைக் கழற்றிக் கைதிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு உடைத்துவிட்டார்கள். சொன்னதும் நைனா தறியை நிறுத்தினார்.

"அம்மாஞ் சண்ட போட்டு வந்தத்த ஒடச்சிட்டாங்களா?"

"ஆங், நைனா."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது, கப்பலுக்காக மட்டும் அல்ல. தகவல்தான் சேர்த்திருந்தேன், ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

மறுநாளே அம்மையார்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். பையனின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படிப்பு முடிஞ்சிதுங்களா? தை மாசமே வெச்சிக்கலாம்."

நான் காபி டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றேன்.

"இல்லீங்க," என்றார் நைனா. "அவ படிக்கிற கப்பலு இப்பதான் மெட்ராஸ்ல நின்னுகினு கீது. ஊரு போய்ச் சேர நாளாவும். தறில ஏத்தின பாவ நடுவுல அறுக்க மாட்டோம்ங்க. உங்களுக்குத் தெரியாததா?"

வீட்டில் சாவு விழுந்தாலும் தறியிலிருக்கும் பாவு நூலை அப்படியே விட்டுவைப்போமே தவிர, நெய்து முடிக்காமல் அறுக்க மாட்டோம். அவர்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். பையனின் அப்பா தலையாட்டினார். அம்மா நைனாவை முறைத்தாள்.

சாயங்காலம் நைனா தறியில் உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கேட்டார்.

"எங்க கீது உன் கப்பலு?"

"மெட்ராஸ்லதான், நைனா," என்றேன். முதல் வரியை எழுத நோட்டைத் திறந்தேன்.