தட்டைப் பாதமும் ஒரு நேர்ச்சையும்

வடக்கில் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த எண்பதுகளில், இராணுவத்தில் சேரப் போன என் மாமாவைப் பாதம் தட்டை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானோ அந்தப் பாதத்தைப் பற்றிக் கல்முனை முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தவள். குளித்துவிட்டு அவர் சீமெந்துத் தரையில் நடந்தால் முழுப் பாதமும் ஈரமாய்ப் பதியும். எங்கள் காலடியில் நடுப்பகுதியைக் காணக்கிடைக்காது. ஆகவே அல்லாஹ் மாமாவுக்கு மட்டும்தான் காலை முழுதாகக் கொடுத்திருக்கிறான் என்பது என் முடிவு.

"தட்டைக் கால்காரன் கன தூரம் நடக்கமாட்டானாம், ராத்தா. ஆனா பெரிய டொக்டர் மனசு வச்சா விதிவிலக்குக் குடுத்து எடுக்கலாமாம். அவருக்கு ஓடிக் காட்டணும்" என்று உம்மாவிடம் சொன்னார் மாமா.

உம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. உம்மா எழுந்துபோய், பள்ளிவாசலுக்கு நேர்ச்சை வைத்தார். காரியம் நடந்தால் இறைச்சியோடு சோறாக்கி அயலுக்கெல்லாம் கொடுப்பதாக நேர்ச்சை. என்ன காரியம் என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்ததுதானே!

மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் மாமா கடற்கரையில் ஓடத் தொடங்கினார். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே வாயைப் பிளந்து பார்த்தார்கள். பாண்டிருப்புப் பக்கம் புள்ளியாகி மறைந்து, மறுபடி மனிதனாகித் திரும்பி வருவார். எனக்குப் புல்லரிக்கும். ஈரமணலில் அவர் பதித்த ஓரடிக்குள் என் இரண்டு கால்களையும் வைத்து நிற்பேன். அப்போதும் இடம் மிச்சமிருக்கும். உலகத்தில் இப்படியும் ஒரு மனிதனா!

பொழுதுபட்டதும் உம்மா அந்தக் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அவருடைய உதடுகள் எதையோ ஓதிக்கொண்டேயிருக்கும்.

பெரிய டொக்டரும் கையை விரித்துவிட்டார். ஓட்டத்தை அவர் பார்க்கவேயில்லையாம். காலைப் பார்த்ததோடு சரி. மாமா வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காக்கிச் சட்டையோடு ஊருக்குள் வரும் அவருடைய கனவு அத்தோடு முடிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் எங்கள் வளவுக்குள் பெரிய சட்டி அடுப்பேறியது. உம்மா ஒரு கிண்ணம் சோற்றை என் கையில் தந்து, பக்கத்து வீட்டில் கொடுத்துவரச் சொன்னார்.

"மாமாவ எடுக்கல்லயே உம்மா, பிறகு என்னத்துக்கு நேர்ச்சைச் சோறு?"

"மெல்லக் கதை புள்ள, மாமாக்குக் கேக்கும்."

உம்மாவின் முகம் பெருநாள் காலைபோல இருந்தது. கேட்டது கிடைக்காவிட்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என் உம்மாவை நினைத்து மலைத்தபடியே, நான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடந்தேன்.